டி3 கட்டத்தில் நின்ற குதிரை: மாஸ்கோ, 1985

வணக்கம். இன்று பலகையில் இருப்பது 1985ஆம் ஆண்டு மாஸ்கோவில் நடந்த உலக சதுரங்க சாம்பியன்ஷிப் போட்டியின் 16ஆவது ஆட்டம். அதுவரை இருவரும் தலா ஏழரைப் புள்ளிகளுடன் சமநிலையில் இருந்தார்கள். வெள்ளை நடப்புச் சாம்பியன் கார்ப்போவிடம், கறுப்பு 22 வயது காஸ்பரோவிடம்.

சிசிலியன் தற்காப்பு என்ற தொடக்க ஆட்டமுறையில் 8ஆவது நகர்வுக்கு வந்திருக்கிறோம். வெள்ளைக் குதிரை ஒன்று ஏ3 ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் இந்த நேரத்தில், காஸ்பரோவ் டி5க்குச் சிப்பாயைத் தள்ளி, அதை இழக்கவும் துணிகிறார். ராஜாவை உடனே தாக்குவதற்காக அவர் அதைக் கொடுக்கவில்லை. எதிராளியின் காய்களுக்கு இடமே இல்லாமல் செய்வதற்காகக் கொடுத்தார். 12ஆவது நகர்வில் கார்ப்போவ் கோட்டை கட்டினார், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றினார். அங்கே பிஷப்பை இ3க்குக் கொண்டுவருவதே வலுவான பதில் என்பதை 1986இல் பிரஸ்ஸல்ஸில் அவரே ஆடிக் காட்டினார். அதனால் இந்த ஆட்டத்தின் மதிப்பு குறைந்துவிட்டதாக நான் கருதவில்லை. கடிகாரம் ஓடும்போது பலகையின் முன் கண்டறிய வேண்டிய விடை அது.

16ஆவது நகர்வில் கறுப்புக் குதிரை டி3இல் வந்து அமர்கிறது. இந்த ஆட்டத்தின் உயிரே இதுதான் என்பதால் சற்று நிதானமாகப் பாருங்கள். சி1, இ1 இரண்டையும் அது காப்பதால் வெள்ளை யானைகளுக்குத் திறந்த வரிசைகள் கிடைக்கவில்லை. பி1இல் முடங்கிய குதிரைக்கோ ஏ3, சி3 கட்டங்களைக் கறுப்பின் பி4 சிப்பாய் மூடிவிட்டது, டி2இல் சொந்த ராணியே வழிமறித்து நிற்கிறது. 24ஆவது நகர்வில் வீடியோவை நிறுத்தி, வெள்ளைக்கு ஒரு நல்ல நகர்வைத் தேடிப் பாருங்கள். ஏ4 குதிரையை பி2க்குக் கொண்டுவந்தால் கறுப்பு ராணி எஃப்6க்கு வரும்; அதன்பின் டி3இல் வெட்டிக்கொண்டால், கடைசியில் இ5க்குப் பாயும் இன்னொரு குதிரை ராணியையும் பிஷப்பையும் ஒருசேரத் தாக்கும்.

34ஆவது நகர்வில் வெள்ளை ராணி ஒருவழியாக அந்தக் குதிரையை வெட்டுகிறது. உடனே மற்றொரு குதிரை எஃப்2இல் செக் வைக்க, யானை அதை வெட்ட, ஜி6 பிஷப் ராணியைத் தூக்கிவிடுகிறது. பி1 குதிரை 39ஆவது நகர்வில்தான் வெளியே வந்தது. அடுத்த நகர்வில் கறுப்பு யானை இ1இல் செக் வைத்ததும் கார்ப்போவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.