அண்டாவில் பூத்த உப்பு

அவைத் தலைவர் அவர்களே, என் நேரத்திலும் பாதியைப் பேசி உதவிய பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திய வணிகப் பெருமக்களே, தலைமையாசிரியர் அம்மையாரே, கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள்க.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இன்று அந்த உப்பையே நினைப்போம். திடப்பொருள் கலவையைக் கரைதிறனைக் கொண்டு, அதாவது எது நீரில் எவ்வளவு கரையும் என்பதைக் கொண்டு, பிரிப்பது பற்றி மூன்று செய்திகள் சொல்கிறேன்.

முதலாவது, மணலும் உப்பும். எங்கள் தெரு மளிகைக் கடைக்குப் பொள்ளாச்சியிலிருந்து பஸ் கூரையில் உப்பு மூட்டை வரும். ஒருமுறை கோபாலபுரம் சோதனைச் சாவடி அருகே மூட்டை சரிந்து, வாய் பிளந்து, புழுதியில் பாதி கொட்டிவிட்டது. கடைக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கூட வந்த அவருடைய தாயார் முந்தானையைச் செருகிக்கொண்டு மண்ணோடு சேர்த்து வாரினார். சாவடிக்காரர் ஓடி வந்தார்.

"என்ன, மணல் கடத்தலா?"

"உப்பு, ஐயா" என்றார் தாயார்.

"ரசீது?"

"உப்புக்கு இருக்கிறது. மண் உங்கள் சாவடி மண். அதற்கு நீங்கள்தான் ரசீது போட வேண்டும்!"

வீட்டுக்கு வந்து அந்தத் தாயார் அண்டாவில் நீர் ஊற்றிக் கலக்கினார். உப்பு கரைந்தது, மணல் அடியில் தங்கியது. தெளிவை வேட்டித் துணியில் வடித்துச் சுண்டக் காய்ச்ச, அண்டா விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்தது. மாட்டுத் தீவனத்துக்கு ஆயிற்று.

இரண்டாவது, இரண்டுமே நீரில் கரைந்தால்? 100 கிராம் நீரில் 20 டிகிரி செல்சியஸில் கறியுப்பு சுமார் 36 கிராம் கரையும். கொதிநிலையிலும் 39 அளவில் நின்றுவிடும். வெடியுப்போ, அதாவது பொட்டாசியம் நைட்ரேட்டோ, அதே வெப்பநிலைகளில் 32 கிராமிலிருந்து 240க்கு மேல் ஏறும். ஆகவே கரைசலைக் காய்ச்சி வற்றவைத்தால் கறியுப்பு முதலில் படியும். சுடச்சுட வடித்து ஆறவிட்டால் வெடியுப்பு ஊசி ஊசியாகப் படிகமாகும். ஒட்டிக்கொண்ட கறியுப்பு போக மறுபடியும் படிகமாக்க வேண்டும்.

இதையெல்லாம் நம் தமிழ்வழிப் பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள்? படத்தில்! நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில் முகவைகள், அதாவது ஆய்வகக் கண்ணாடிக் குவளைகள், பூட்டிய அலமாரிக்குள் தூசி தின்றுகொண்டிருந்தன. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு. ஐந்தாம் வகுப்பு தாண்டியதும் பிள்ளைக்குத் தாய்மொழி மறந்துவிடுமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை. வரியிட்ட எங்களை நிதி ஒதுக்கும்போதாவது நினையுங்கள்!

மூன்றாவது கந்தகம் பற்றியது. அவைத் தலைவர் மணியடித்துவிட்டார்.

பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, ஆய்வகமும் தமிழ் தெரிந்த அறிவியல் ஆசிரியரும் கேட்கும் மனு என் பையில் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுத் தேநீர் அருந்தலாம்.