கயிற்றைப் பிள்ளையின் கையில் கொடுங்கள்
(பட்டிமன்றத் தலைப்பு: சாரணர் இயக்கத்தைத் தாங்கி நிற்பது மரபா, மாற்றமா? ‘மரபே’ என்ற அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சாரண ஆசிரியர்களே, முன்வரிசையில் சீருடையோடு வந்திருக்கும் சாரணர்களே, சாரணியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் மூன்று கேள்விகளைப் போட்டுவிட்டு அமர்ந்தார். கைப்பேசியில் வரைபடம் இருக்கும்போது திசைகாட்டி எதற்கு? கடையில் கிளிப் கிடைக்கும்போது முடிச்சு எதற்கு? வெயிலில் லாட வடிவத்தில் நின்று கொடியேற்றிக்கொண்டிருந்தால் இந்தக் காலத்தில் எந்தப் பிள்ளை வந்து சேரும்? மூன்றுமே நியாயமான கேள்விகள். ‘பெரியவர்கள் செய்தார்கள், நாமும் செய்கிறோம்’ என்று நான் பதில் சொன்னால் என் அணி தோற்க வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு மரபும் என்ன வேலை செய்கிறது என்று சொல்கிறேன். வேலை செய்யாத மரபு இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எது மரபு என்பதில் முதலில் தெளிவாக இருப்போம். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தில் உள்ள பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் ஒரு பாசறை நடத்தினார். வந்த சிறுவர்கள் ஏறக்குறைய 20 பேர். ஈட்டன், ஹாரோ போன்ற வசதியான பள்ளிகளின் பிள்ளைகளும், போர்ன்மத், பூல் ஊர்களின் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள். ஓநாய், காளை, கர்லூ என்ற நீர்ப்பறவை, அண்டங்காக்கை என்று நான்கு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையன்தான் தலைவன். அந்த அணியின் நடத்தைக்கும் வேலைக்கும் அவனே பொறுப்பு. கழுத்துத் துணி, கொடிப்பாட்டு, பதக்கம், பாசறைத் தீ எல்லாம் இதைச் சுற்றி வளர்ந்தவை. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள், அவர்களுக்குள்ளிருந்தே ஒரு தலைவர், பெரியவர் ஓரடி பின்னால்: நடுநாயகமான மரபு இதுதான்.

எதிரணிச் சகோதரி ‘பிள்ளைகளின் குரல் கேட்கப்பட வேண்டும், அதுதான் மாற்றம்’ என்று உருக்கமாகப் பேசினார். அம்மா, நீங்கள் கேட்ட மாற்றம் நூறாண்டைக் கடந்த மரபு. நாம் அதைக் கைவிட்டுவிட்டு, இப்போது வேறு பெயரில் தேடுகிறோம்.

எப்படிக் கைவிட்டோம்? பல பள்ளிகளில் எட்டாம் வகுப்பு முழுக்க ஓர் அணி, ஏழாம் வகுப்பு முழுக்க இன்னோர் அணி என்று பிரிக்கிறார்கள். வருகைப் பதிவுக்கு அது வசதி. ஆனால் இரண்டே ஆண்டில் அந்த எட்டாம் வகுப்பு அணி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் போய்விடும். கற்றதெல்லாம் அவர்களோடு போய்விடும், அடுத்த ஆண்டு சாரண ஆசிரியர் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார். ஒன்பதில் இருவர், எட்டில் இருவர், ஏழில் இருவர், ஆறில் இருவர் என்று எட்டுப் பேரைச் சேர்த்துப் பாருங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முடிச்சு கற்றுத்தர ஆசிரியர் தேவைப்பட மாட்டார், எட்டாம் வகுப்புப் பிள்ளை போதும். ஜூனில் விலகப்போகும் தலைவர் பிப்ரவரியிலேயே விசிலைத் துணைத்தலைவரிடம் கொடுத்துவிட்டு, நான்கு கூட்டங்களுக்குப் பக்கத்தில் மட்டும் நிற்க வேண்டும். இந்த ஒரு ஏற்பாடு இருந்தால், அணிகளெல்லாம் சேர்ந்த படை தொடர்ந்து வாழும்.

அடுத்தது கௌரவ மன்றம். அணித் தலைவர்கள் கூடி, அடுத்த மாதம் என்ன செய்வது, யாருக்கு என்ன பொறுப்பு, எங்கே தவறு நடந்தது என்று முடிவெடுக்கும் சபை. சாரண ஆசிரியர் அங்கே ஆலோசகர். அவர் முதலில் வாயைத் திறந்தால் கூட்டம் அங்கேயே முடிந்தது; பதின்மூன்று வயதுப் பிள்ளை ஆசிரியர் சொன்னதற்கு மாற்றாகப் பேசாது. எனவே வயதில் இளைய அணித் தலைவர் முதலில், மூத்தவர் பிறகு, ஆசிரியர் கடைசியில் என்று பேசவிடுங்கள். அதற்கு முன்பே ஒவ்வோர் அணியும் தனக்குள் பத்து நிமிடம் கூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே வரும் தலைவர் தன் விருப்பத்தைத்தான் அணியின் கருத்தாகச் சொல்வார். குறிப்பேட்டில் முடிவு, பொறுப்பாளர் பெயர், தேதி மூன்றும் இருக்கட்டும். முடிவு தவறாகத் தெரிந்தால்? ஆபத்து இல்லாதவரை நடக்கவிடுங்கள். மழைக்காலத்தில் ஆற்றோரம் பாசறை என்றால் தடுங்கள். மதிய உணவுக்கு உப்புமா மட்டும் என்றால் தடுக்காதீர்கள். மறுநாள் அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

பாசறைச் சமையலுக்கு வருகிறேன், நடுவர் அவர்களே, இங்கேதான் பெரியவர்களின் பொறுமை சோதிக்கப்படுகிறது. 32 பிள்ளைகளுக்குச் சமையற்காரரை அமர்த்தி, பந்தி போட்டு, சாப்பிட வைத்து அனுப்பினால் அது சுற்றுலா. அணிக்கு அணி அடுப்பு வைத்தால்தான் பாசறை. வளரும் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி என்று வைத்தால் எட்டுப் பேருக்கு 1.2 கிலோ. இந்தக் கணக்கைப் போட்டு, காசு கேட்டு, வாங்கி வந்து, மீதியை ஒப்படைப்பது அணியின் பொருளாளர். குழி அடுப்பின் வாய் காற்று வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றி வெட்டினால் புகை சமைப்பவர் கண்ணுக்குத்தான் வரும். சோறு அடிபிடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம், கொதி வந்த பிறகும் விறகை வெளியே இழுக்காதது. கழிவுக்கு இரண்டு குழிகள்: காய்கறித் தோலுக்கு ஒன்று, அதில் ஒவ்வொரு முறையும் மண் தூவ வேண்டும், பாத்திரம் கழுவிய நீருக்கு இன்னொன்று, அதன் வாயில் வைக்கோலோ காய்ந்த புல்லோ பரப்பினால் எண்ணெய்ப் பிசுக்கு அதில் தங்கிவிடும். அந்தப் புல்லைத் தினமும் எடுத்து எரித்துப் புதிது போடாவிட்டால் இரண்டாம் நாளே ஈ மொய்க்கும். கிளம்பும் நாளில் இரண்டையும் மூடி, எடுத்து வைத்த மேல்மண்ணை மேலே பரப்ப வேண்டும். இதில் எந்த வேலையும் பதின்மூன்று வயதுக்கு மிஞ்சியதில்லை. பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதுதான் நமக்குக் கடினமாக இருக்கிறது.

கைப்பேசி வரைபடம் பற்றி அதிகம் பேச மாட்டேன். பார்க்கட்டும், எனக்கு மறுப்பில்லை. திசைகாட்டியையும் கற்றுக்கொள்ளட்டும்.

முடிச்சுக்கு வருவோம். ரீஃப் நாட் எதற்கு? கட்டுப் போட. வலதை இடதின் மேல், பிறகு இடதை வலதின் மேல். அது தட்டையாக உட்காரும், காயத்தின் அருகே உறுத்தாது, அவிழ்ப்பதும் சுலபம். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் வழுக்கும். எடை தாங்கும் இரு கயிறுகளை இணைக்க ரீஃப் நாட்டைப் பயன்படுத்தக் கூடாது, பருமன் வேறுபட்டால் ஷீட் பெண்ட் என்ற முடிச்சு. ஆளை இறக்கவோ ஏற்றவோ போலைன் என்ற வளைய முடிச்சு, ஏனென்றால் அந்த வளையம் உடலை இறுக்காது. மூங்கிலை மூங்கிலோடு குறுக்கே கட்டினால் ஸ்கொயர் லாஷிங் என்ற கட்டு: கயிற்றைக் கம்பில் பிணைக்கும் கிளோவ் ஹிட்ச் முடிச்சில் தொடங்கி, மூன்று சுற்று, இரண்டு கம்புகளுக்கும் நடுவே இரண்டு இறுக்குச் சுற்று, மறுபடி கிளோவ் ஹிட்ச். பந்தல் சரிந்தால் போய்ப் பாருங்கள், அந்த நடு இறுக்குச் சுற்றைத்தான் விட்டிருப்பார்கள். மூங்கிலின் வழுவழுப்பில் கயிறு நழுவாமலிருக்கக் கணுவை ஒட்டிக் கட்ட வேண்டும். காணொளியில் இதைப் பார்க்கலாம் என்கிறார் எதிரணித் தலைவர். பார்க்கலாம். ஆனால் மழையில் நனைந்த கயிறு, இருட்டு, அழுகிற சின்னப் பையன் பக்கத்தில் என்ற நிலையில் விரல் தானாக ஓட வேண்டும்.

கழுத்துத் துணியும் அப்படித்தான். சமமான இரு பக்கங்களும் 70 முதல் 80 செ.மீ. இருக்கும் முக்கோணத் துணி, பிள்ளையின் அடிபட்ட கையைத் தாங்கும் தூளி. கை முழங்கையை விடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும், முடிச்சு கழுத்தெலும்பின் மேல் விழாமல் தோள் பள்ளத்தில் உட்கார வேண்டும். இன்று கடைகளில் சுருட்டித் தைத்த, நழுவுகிற நைலான் துணி விற்கிறார்கள். பிரித்தால் பிரியாது, கட்டினால் நிற்காது. மரபு என்ற பெயரில் அதை அணிவித்துவிட்டு, ‘இது வெறும் அலங்காரம்’ என்று பிள்ளை சொன்னால், பிள்ளை சொல்வது சரி.

இங்கே எதிரணிக்கு ஒரு புள்ளி தர வேண்டும். ‘இரவு படுக்கும் முன் கூடாரத்தின் இழுகயிற்றைத் தளர்த்து’ என்று பழைய சாரணர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். பருத்திக் கயிறும் சணல் கயிறும் பனியில் நனைந்தால் சுருங்கும். மாலையில் இறுக்கிக் கட்டியிருந்தால் நள்ளிரவில் முளையைப் பிடுங்கிவிடும். இன்றைய நைலான் கயிறு நனைந்தால் நீளும். அதைத் தளர்த்தினால் கூடாரம் தொய்ந்து மழைநீர் தேங்கும். ஆக, விதியை மனப்பாடம் செய்தவர் இன்று தவறு செய்வார், காரணத்தோடு கற்றவர் நைலானைக் கண்டதும் இறுக்கிவிடுவார். மாற்றத்தைச் சரியாகச் செய்யக்கூடியவர் மரபைக் காரணத்தோடு கற்றவர்தான் என்பது என் வாதம்.

இந்தியாவின் கதையும் அதற்குச் சாட்சி. 1909இல் இங்கே சாரணர் இயக்கம் வந்தபோது இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை. அந்தக் கதவு திறக்கும்வரை காத்திருக்காமல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், கல்வியாளர் ஜார்ஜ் அருண்டேல் முதலானோரோடு சேர்ந்து இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் கண்டார். அந்தப் பிள்ளைகள் அகலத் தொப்பியை விட்டுத் தலைப்பாகை கட்டினார்கள், நம் பாடல்களைப் பாடினார்கள். பின்னர் 1950 நவம்பர் 7இல் சங்கங்கள் இணைந்து பாரத சாரணர் அமைப்பு உருவானது; 1951 ஆகஸ்ட் 15இல் சாரணியரும் சேர்ந்தார்கள். ஆணைக்குக் கீழ்ப்படிவதைச் சொன்ன பழைய விதியின் இடத்தில், நம் ஒன்பது விதிகளில் ஒழுக்கமும் பொதுச்சொத்தைக் காப்பதும் நிற்கின்றன. தொப்பி மாறியது, பாட்டு மாறியது, விதியின் சொல் மாறியது. பிள்ளையே தலைமை தாங்கும் அணிமுறை மாறவில்லை. இத்தனை மாற்றத்தையும் தாங்கியது எது என்பதை நடுவர் கவனிக்க வேண்டும்.

மரபு என்று சொல்லிக்கொண்டு நடக்கும் ஒன்றை இந்த மேடையிலேயே விலக்கிவைக்கிறேன். புதிதாக வந்த பிள்ளையைப் பாசறையில் நள்ளிரவில் எழுப்பி மிரட்டுவது, மூத்தவர் துணியைத் துவைக்கச் சொல்வது, பாசறைத் தீயைச் சுற்றி உட்கார்ந்து ஒருவரின் நிறத்தையோ உடலையோ கேலி செய்வது. ‘எல்லாச் சாரணருக்கும் சகோதரர்’ என்ற விதிக்கு நேர் எதிரான செயல் அது. அதேபோல, பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது, பெரியவரும் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் படுக்கக் கூடாது, சாரணியர் பாசறையில் பெண் பொறுப்பாளர் கட்டாயம் வேண்டும் என்ற பாதுகாப்பு விதிகளை முழு மனதோடு ஏற்கிறேன். பெரியவர் ஓரடி பின்னால் நிற்பதென்றால் கண்ணுக்கெட்டிய தூரத்தில், இன்னொரு பெரியவரோடு நிற்பது என்று பொருள்.

சான்றிதழ் பற்றிச் சொன்னார்கள். ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது, ஜனாதிபதி விருது, ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு, இவற்றுக்காகத்தான் பிள்ளைகள் வருகிறார்கள் என்றார்கள். அதற்காக வரட்டுமே, தவறில்லை. ஆனால் தேர்வுக்கு முதல் நாள் இரவு ஒரு வருடத்துக் குறிப்பேட்டை உட்கார்ந்து நகலெடுக்க வைக்கும் பெரியவர், ‘சாரணர் நம்பத்தகுந்தவர்’ என்ற முதல் விதியைத் தன் கையாலேயே அழிக்கிறார். அணியின் எழுத்தர் ஒவ்வொரு கூட்டமும் முடிந்த ஐந்து நிமிடத்தில் நான்கு வரி எழுதும் வழக்கம் இருந்தால் அந்த இரவே வராது.

கடைசிக் கேள்வி: வெயிலில் கொடியேற்றினால் எந்தப் பிள்ளை சேரும்? வெயிலில் நீண்ட நேரம் நிற்க வைப்பது கொடி இல்லை, அங்கே நாம் செய்யும் சொற்பொழிவு. கொடியை நீளவாக்கில் இருமுறை மடித்து, ஓரத்திலிருந்து கயிற்றுப் பக்கமாகச் சுருட்டி, கொடிக்கயிற்றின் ஒரே ஒரு வளையத்தைச் செருகி ஏற்றினால் ஒரே இழுப்பில் விரியும். அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டாவது முறை செருகினால் மேலே போய் இறுகிக்கொள்ளும். அப்படி இறுகினால் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்காதீர்கள், ஐயா. அந்தப் பிள்ளையே இறக்கி, பிரித்து, மறுபடி கட்டி ஏற்றட்டும். படை முழுக்க அசையாமல் காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் எவரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

சேர்க்கை விழாவையும் அப்படி நடத்துங்கள். 40 பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒரே குரலில் வாக்குறுதி சொல்ல வைத்து, அரைமணியில் முடித்துவிடுகிறோம். அதில் எந்தப் பிள்ளையும் தன் குரலைத் தானே கேட்டிருக்காது. அணித் தலைவர் ஒருவரை அழைத்து வர வேண்டும். ஆசிரியர் கேட்க, அவர் தனியாகச் சொல்ல வேண்டும். துணியைக் கழுத்தில் போட்டு, சின்னம் குத்தி, இடது கையால் கைகுலுக்கி, அணிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம், வாரத்துக்கு நான்கு பேர். 40 பேருக்குப் பத்து வாரம் ஆகட்டும்.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. அமர்கிறேன். வணக்கம்.