சைக்கிள் ஏரிக்கரையோடு நிற்க வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். கொடைக்கானலில் சைக்கிள் என்றால் ஏரிக்கரையில் வாடகைக்கு விடும் வண்டிதான் நினைவுக்கு வரும். சுற்றுலா வந்தவர்கள் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் மிதித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஊர்க்காரர்கள் நாமோ, பால் வாங்கவும் பைக்கை எடுக்கிறோம். அந்தச் சைக்கிள் நமக்கும்தான் ஆகும் என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

"மேட்டுல எவன் மிதிக்கிறது?" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஏரிச் சாலை தண்ணீரை ஒட்டியே போவதால் கிட்டத்தட்ட சமதளம். அங்கிருந்து பேருந்து நிலையத்துக்கு ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிளில் கியர் கிடையாது. அதற்கும் வழி இருக்கிறது. பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரம் இருக்கிறதே, அந்த 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றி 22 பல் உள்ளதை மாட்டச் சொல்லுங்கள், சைக்கிள் கடைக்காரரிடம். சமதளத்தில் வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் மேட்டில் மிதி நன்றாகவே லேசாகும். வயதானவர்களுக்குப் பேட்டரி சைக்கிள் நல்லது. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்றால் லைசென்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம்.

ஏறுவதைவிட இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். பனிமூட்டத்தில் ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்தி, ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். பகலிலும் விளக்கு எரியட்டும்.

உடம்புக்கு என்ன லாபம்? வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலைக்குப் போய்வரும் நேரத்திலேயே அது முடிந்துவிடும்.

அப்புறம் சீசன். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தும், விடுமுறை நாளில் ஏழு ரோடு சந்திப்பில் நெரிசல் தீரவில்லை. கார்கள் நகராமல் நிற்கும்போது சைக்கிளை ஓரமாக உருட்டிக்கொண்டாவது போய்விடலாம். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள் நிற்கும். குறுகலான மலையூருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நகராட்சியிடம் ஒரு கோரிக்கை. பேருந்து நிலையத்திலும் மார்க்கெட்டிலும் கூரை போட்ட சைக்கிள் ஸ்டாண்ட் ஒன்று வேண்டும். மழையில் நனைந்த சீட்டில் யாரும் தினமும் உட்கார மாட்டார்கள். நன்றி, வணக்கம்.