காசு குடுத்தாத்தான் பக் சரியாகுமா? மியூசிக் சாஃப்ட்வேர் அப்கிரேட் பஞ்சாயத்து

[திரையில்: ரிலீஸ் நோட்ஸ் (புது வெர்ஷன்ல என்ன மாறுச்சுன்னு கம்பெனி போடற பட்டியல்) ஒண்ணு மேல இருந்து கீழ ஓடுது. ஒரு வரியில மட்டும் மஞ்சள் கோடு.]

இந்த வரியைப் பாருங்க. 'லூப் திரும்பும்போது ஆட்டோமேஷன் தள்ளிப்போகும் பிரச்சினை சரிசெய்யப்பட்டது.' ஆட்டோமேஷன்னா, பாட்டு ஓடும்போது வால்யூம் மாதிரி விஷயம் தானா மாற நாம வரைஞ்சு வைக்கறது. உதாரணத்துக்கு நாம எழுதின வரிதான், ஆனா இந்த ரகத்துல நாலு வரியாவது இல்லாத ரிலீஸ் நோட்ஸைப் பாக்கறது கஷ்டம். நீங்க மாசக்கணக்கா மண்டையை உடைச்சுக்கிட்ட அதே பக், அதாவது கோளாறு. சரியாயிடுச்சு! கை தட்டறதுக்கு முன்னாடி, மேல இருக்கற வெர்ஷன் எண்ணைப் பாருங்க. உங்ககிட்ட இருக்கறது 11. இது 12-ஓட நோட்ஸ். 12-க்குத் தனியா காசு.

குழாய் ஒழுகுதுன்னு வீட்டு ஓனர்கிட்ட சொல்றீங்க. 'மாடியில புதுசா ஒரு போர்ஷன் கட்டியிருக்கேன், அங்க ஒழுகாது, வாடகை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி'ங்கறாரு. எப்படி இருக்கும்? அந்தக் கடுப்பைப் பத்தித்தான் இந்த வீடியோ.

வணக்கம் மக்களே. முதல்ல கம்பெனிங்க ஏன் இப்படிப் பண்றாங்கன்னு பார்த்துருவோம். அப்புறம் காசு கட்டறதுக்கு முன்னாடி நீங்க செய்ய வேண்டிய சோதனை. ரெண்டாவது பாதிதான் விஷயம், அவசரப்பட்டு ஓடிராதீங்க.

[திரையில்: 11.3.4]

வெர்ஷன் எண், வேகமா. முதல் எண் மாறினா பெரிய வெர்ஷன், பெரும்பாலும் காசு. நடு எண்ணும் கடைசி எண்ணும் சின்ன வசதி, பக் ஃபிக்ஸ், பெரும்பாலும் இலவசம். இது வழக்கம்தான், சட்டம் இல்ல. க்யூபேஸ்ங்கற மியூசிக் சாஃப்ட்வேர்ல 9.5-க்கும் காசு, 10.5-க்கும் காசு. புள்ளிக்கு அப்புறம் வர்றதெல்லாம் இலவசம்னு நெனைச்சவங்க முகம் எப்படி மாறியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

சரி, 12-ல சரி பண்ணதை 11-லயும் பண்ணித் தொலைச்சா என்ன? ஒரு காப்பி-பேஸ்ட் வேலைதானே? இல்லைங்க. 12-க்கான வேலை ஆரம்பிச்ச உடனே கோட் ரெண்டு கிளையாப் பிரிஞ்சிரும். ஒரு வருஷம் கழிச்சு அந்த ஆட்டோமேஷன் பகுதியையே புதுசா எழுதியிருப்பாங்க. அதுல போட்ட ஃபிக்ஸ் பழைய கோட்ல ஒட்டாது. திரும்ப எழுதணும், விண்டோஸ்ல, மேக்ல, ரெண்டுலயும் பழைய ஓஎஸ் புது ஓஎஸ்னு மறுபடி டெஸ்ட் பண்ணணும். அதனால பழைய வெர்ஷனுக்கு கிராஷ் மாதிரி பெரிய விஷயம் மட்டும் கொஞ்ச நாள் வரும், அப்புறம் அதுவும் நின்னுரும்.

இன்னொரு காரணம், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. ஒரு தடவை காசு குடுத்து வாங்கற லைசென்ஸ்ல கம்பெனிக்கு அடுத்த வருமானம் அப்கிரேட்லதான். புது சிந்த் (சத்தம் உண்டாக்கற இசைக்கருவி சாஃப்ட்வேர்) போட்டா டிரெய்லர் விடலாம். 'இனிமே ஆட்டோமேஷன் ஒழுங்கா ஓடும்'னு டிரெய்லர் விட முடியுமா? விட்டா, இவ்வளவு நாள் ஓடலைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்!

இங்க நான் முழுசா வாடிக்கையாளர் பக்கம் இல்லைங்கறதையும் சொல்லிடறேன். மூணு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கறோம். ஒண்ணு, விக்கும்போதே இருந்த கோளாறு. அது அவங்க செலவு, அவங்கதான் சரி பண்ணணும், அதுல பேச்சே இல்ல. ரெண்டு, புது வசதி. அதுக்குக் காசு கேட்டா நியாயம். மூணாவதுதான் சண்டையே: ஓஎஸ் மாறினதால உடைஞ்சது. 2019 அக்டோபர்ல மேக் ஓஎஸ் கேட்டலினா வந்து 32 பிட்ங்கற பழைய ரக சாஃப்ட்வேர் மொத்தத்தையும் நிறுத்துச்சு. 2020 நவம்பர்ல எம்1 சிப் வந்து, இன்டெல் சிப்புக்கு எழுதின ப்ளக்-இன் (பெரிய சாஃப்ட்வேருக்குள்ள மாட்டிக்கற குட்டி சாஃப்ட்வேர்) எல்லாம், பழசைப் புது சிப்ல ஓட வைக்கற ஆப்பிளோட ரொசெட்டாவை நம்பி ஓட வேண்டியதாச்சு. இது ப்ளக்-இன் எழுதினவங்க பண்ண தப்பு இல்ல. திட்டணும்னா எந்த வாசல்ல நின்னு திட்டறதுன்னு தெரிஞ்சுக்கிட்டுத் திட்டுங்க.

இப்ப டாவ்ல, அதாவது பாட்டு ரெக்கார்ட் பண்ணி மிக்ஸ் பண்ற மெயின் சாஃப்ட்வேர்ல, யார் யார் எப்படி வசூல் பண்றாங்கன்னு ஒரு ரவுண்டு. எஃப்எல் ஸ்டுடியோ: வாங்கின எடிஷனுக்கு ஆயுசுக்கும் அப்டேட் இலவசம். ரீப்பர்: 7-ல வாங்கினா 8.99 வரைக்கும் இலவசம், அதாவது ரெண்டு பெரிய வெர்ஷன். சொந்த உபயோகத்துக்கான சலுகை லைசென்ஸ் 60 டாலர்தான். பிட்விக்: 12 மாசம் எது வந்தாலும் உங்களுக்கு, அப்புறம் கட்டலைன்னா கடைசியா கெடைச்ச வெர்ஷன் உங்களுதுதான், நின்னு போகாது. லாஜிக்: 2013-ல 199.99 டாலருக்கு எக்ஸ் வாங்கினவங்களுக்கு 2024-ல 11-ம் இலவசமாவே வந்துச்சு. ஆப்பிள் தாராளம்னு உருகிடாதீங்க, அவங்க காசு பாக்கறது கம்ப்யூட்டர்ல. ஏபிள்டன் லைவ்ல முதல் எண் மாறும்போது காசு: 10 வந்தது 2018, 11 வந்தது 2021, 12 வந்தது 2024. சரியா மூணு வருஷம், நாட்காட்டி வச்சு வேலை பாக்கறாங்க போல.

வாக்குறுதி மட்டும் இருந்தாப் போதுமான்னா, போதாது. கேக்வாக் கம்பெனியோட சோனார்ங்கற டாவ் வச்சிருந்தவங்களுக்கு 2016-ல ஆயுள் முழுக்க அப்டேட்னு வித்தாங்க. 2017 நவம்பர்ல உரிமையாளர் கிப்சன், கேக்வாக்கோட டெவலப்மென்ட்டையே நிறுத்திட்டாங்க. 2018-ல பேண்ட்லேப்ங்கற கம்பெனி வாங்கி அதே சாஃப்ட்வேரை எல்லாருக்கும் சும்மா குடுத்தாங்க. காசு குடுத்தவர் மனநிலையைக் கேக்காதீங்க. 2023 மார்ச்ல ப்ளக்-இன் விக்கற வேவ்ஸ் கம்பெனி, இனிமே சந்தா மட்டும்தான்னு அறிவிச்சு, வந்த எதிர்ப்பைப் பார்த்து சில நாள்லயே பின்வாங்கினாங்க. 2024 ஆகஸ்ட்ல ஃபினாலே, இசைக்குறிப்பு எழுதற 35 வருஷ நோட்டேஷன் சாஃப்ட்வேர், கடையைச் சாத்துச்சு. ஒரு வருஷத்துக்கு அப்புறம் புது மெஷின்ல ஆக்டிவேட் பண்ண முடியாதுன்னாங்க, பயனர்கள் கொதிச்சதும் அதை மாத்திக்கிட்டாங்க. கத்தினா கேக்கறாங்க. அதுக்கு நல்லாக் கத்தத் தெரியணும், அதான் அடுத்தது.

[திரையில்: கிராஷ் ஆன டாவ். 'எதிர்பாராதவிதமாக நின்றுவிட்டது.']

டாவ் கிராஷ் ஆச்சுன்னா பழி டாவ் மேல விழும். பாதி நேரம் குத்தவாளி உள்ள இருக்கற ப்ளக்-இன். அப்ப டாவை அப்கிரேட் பண்ணா என்ன ஆகும்? புது வெர்ஷன்லயும் அதே ப்ளக்-இன், அதே கிராஷ். விண்டோஸ்ல ஈவன்ட் வியூயரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் போங்க. சிவப்பு எரர் வரியில 'ஃபால்டிங் மாட்யூல் நேம்'னு ஒண்ணு இருக்கும். அங்க ஒரு ப்ளக்-இன் பேர் இருந்தா சந்தேகம் அது மேல. 'என்டிடிஎல்எல்'னு இருந்தா அது விண்டோஸோட சொந்தச் சரக்கு, அதை வச்சு ஒரு முடிவுக்கும் வர முடியாது. மேக்ல கன்சோல் ஆப்ல கிராஷ் ரிப்போர்ட்ஸ். எந்த த்ரெட் (சாஃப்ட்வேருக்குள்ள ஒரே நேரத்துல ஓடற வேலைகள்ல ஒண்ணு) கிராஷ் ஆச்சுன்னு எண் இருக்கும், அந்த த்ரெட்டுக்குக் கீழ முதல் சில வரியில யார் பேர் வருதுன்னு பாருங்க.

ப்ளக்-இன்தான்னு தெரிஞ்சா காசே செலவு பண்ணாம ஒரு தற்காலிக வழி: ரீப்பர்ல அந்த ப்ளக்-இன்னைத் தனி ப்ராசஸ்ல, அதாவது டாவுக்கு வெளிய தனி ப்ரோகிராமா, ஓட விடலாம். பிட்விக்கும் அப்படி ஒதுக்கி வைக்கும். ப்ளக்-இன் செத்தாலும் டாவ் பொழைச்சுக்கும்.

டாவ்தான் காரணம்னா, காலி ப்ராஜெக்ட், ஒரே டிராக், டாவோட கூடவே வர்ற எஃபெக்ட் மட்டும் வச்சு அந்த பக்கை வரவழைங்க. க்யூபேஸ்னா ப்ரிஃபரன்ஸ் (நீங்க மாத்தி வச்ச செட்டிங்) இல்லாம சேஃப் மோட்ல திறந்தும் பாருங்க. வந்துச்சுன்னா அந்தக் குட்டி ப்ராஜெக்டை, வெர்ஷன் எண், ஓஎஸ், டாவோட ஆடியோ செட்டிங்ல இருக்கற சாம்பிள் ரேட், பஃபர் சைஸோட அனுப்புங்க. '80 டிராக் ப்ராஜெக்ட்ல எப்பவாவது வருது'ன்னு அனுப்பினா அது வரிசையில கடைசிக்குப் போயிரும்.

[திரையில்: லைவ் ப்ராஜெக்ட் ஃபைல். ஜூம்.]

இப்ப எனக்குப் பிடிச்ச பகுதி. ட்ரையல் வெர்ஷனைப் போட்டு 'பக் சரியாயிருக்கா'ன்னு பாக்கறது நல்ல யோசனை. ஆனா பழைய ப்ராஜெக்டை அதுல திறந்து, பழக்கதோஷத்துல ஒரு சேவ் அமுக்கினீங்க, முடிஞ்சுது. லைவ் 12-ல சேவ் ஆனது 11-ல திறக்காது. ட்ரையல் நாள் முடிஞ்சதும் உங்க பாட்டைத் திருத்தி சேவ் பண்ணவே காசு கட்டணும்! அதனால முதல்ல ப்ராஜெக்ட் ஃபோல்டரையே காப்பி எடுங்க, ட்ரையல்ல காப்பியைத்தான் திறக்கணும்.

எந்த ஃபைல் எந்த வெர்ஷன்ல சேவ் ஆச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? லைவோட ஏஎல்எஸ் ஃபைலைக் காப்பி எடுத்து, ஃபைல் பேர் கடைசியில புள்ளிக்கு அப்புறம் இருக்கற ஏஎல்எஸ்ஸை ஜிஇசட்னு மாத்தி, செவன்-ஜிப்ல பிரிங்க. உள்ள இருக்கறது வெறும் எழுத்து, எக்ஸ்எம்எல்! நோட்பேடுலயே திறக்கும். மேலயே 'க்ரியேட்டர்'னு போட்டு எந்த வெர்ஷன்னு எழுதியிருக்கும். கீழ போனா ப்ளக்-இன் பேரு, பாட்டுல போட்ட ஆடியோ ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்குங்கறது வரைக்கும் கெடைக்கும். ரீப்பரோட ஆர்பிபி ஃபைல்ல பிரிக்கற வேலையும் இல்ல, நேராத் திறந்தா முதல் வரியிலேயே வெர்ஷன். காணாமப்போன ப்ளக்-இன் எதுன்னு தேட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பார்த்துட்டு மூடிருங்க, அங்க எதையும் திருத்தாதீங்க.

[திரையில்: ரெண்டு வேவ்ஃபார்ம், ஒண்ணு தலைகீழா.]

அடுத்து நல் டெஸ்ட், அதாவது ரெண்டு ஆடியோ ஒண்ணை ஒண்ணு முழுசா அழிச்சுக்குதான்னு பாக்கற சோதனை. புது வெர்ஷன்ல பாட்டு அதே பாட்டாத்தான் இருக்கான்னு காதை நம்பாதீங்க. பழசுல ஒரு எக்ஸ்போர்ட், புதுசுல ஒரு எக்ஸ்போர்ட், 32 பிட் ஃப்ளோட் வேவ் ஃபைல், டிதர் (எக்ஸ்போர்ட்ல சேர்க்கற மெலிசான இரைச்சல்) ஆஃப். ரெண்டையும் காலி ப்ராஜெக்ட்ல தனித்தனி டிராக்ல ஒரே இடத்துல ஆரம்பிச்சு வைங்க. லைவ்னா வார்ப்பை (டெம்போவுக்கு ஏத்த மாதிரி ஆடியோவை இழுக்கற வசதி) மறக்காம ஆஃப் பண்ணுங்க. ஃபேடர் ரெண்டும் 0. ஒண்ணுல போலாரிட்டியைத் திருப்பிட்டு, அதாவது அலையைத் தலைகீழாக்கிட்டு, ப்ளே பண்ணுங்க. மீட்டர் அசையலைன்னா ரெண்டும் ஒண்ணேதான்.

அசைஞ்சா? அங்கதான் வேடிக்கை. பாட்டு முழுக்க மெலிசா, ட்ரெபிள் மட்டும் கேட்டா ஒண்ணு சில சாம்பிள், அதாவது துளி நேரம், தள்ளியிருக்கு, ப்ளக்-இன்னால வர்ற தாமதத்தை ஈடுகட்டற டிலே காம்பன்சேஷன்ல ஏதோ மாறியிருக்கு. ஒரு குறிப்பிட்ட பார்ல (பாட்டோட ஒரு தாளக் கட்டம்) ஆரம்பிச்சா ஆட்டோமேஷனைச் சந்தேகப்படுங்க. கோரஸ், டேப் எஃபெக்ட் இருக்கற டிராக் மட்டும் மிச்சமா நின்னா பயப்படாதீங்க, அதெல்லாம் ஒவ்வொரு தடவையும் வேற மாதிரிதான் ஓடும். இதைப் பிரிச்சுப் பாக்க, பழைய வெர்ஷன்லயே ரெண்டு தடவை எக்ஸ்போர்ட் பண்ணி முதல்ல அதை நல் பண்ணிப் பாருங்க. அப்பவே மிச்சம் நின்னா அது வெர்ஷனோட தப்பு இல்ல.

கடைசியா, எல்லாருக்கும் சலிப்பான வேலை: ஸ்டெம், அதாவது டிராக் எல்லாத்தையும் தனித்தனி ஆடியோ ஃபைலா எடுத்து வைக்கறது. முடிஞ்ச ஒவ்வொரு பாட்டுக்கும், எல்லா டிராக்கும் முதல் பார்ல இருந்து, ப்ராஜெக்டோட அதே சாம்பிள் ரேட்ல, எஃபெக்டோட ஒரு செட், எஃபெக்ட் இல்லாம ஒரு செட், மாஸ்டர் லிமிட்டர் ஆஃப். டெம்போவை ஃபைல் பேர்லயே எழுதுங்க. மிடி ஃபைல் (எந்த சுரம் எப்ப வாசிக்கணும்ங்கற குறிப்பு) தனியா. இன்ஸ்டாலரையும் எடுத்து வைங்க, பழைய இன்ஸ்டாலர் எப்பவும் சைட்ல இருக்கும்னு யாரும் எழுதிக் குடுக்கல. ஒரு டாவ்ல இருந்து இன்னொண்ணுக்குப் ப்ராஜெக்டைக் கொண்டுபோக, பிட்விக்கும் ஸ்டுடியோ ஒன்னும் சேர்ந்து 2023-ல கொண்டுவந்த டாவ்ப்ராஜெக்ட் ஃபைல் வசதி உங்க டாவ்ல இருந்தா அதுலயும் ஒண்ணு போடுங்க. க்யூபேஸ்லயும் 14-ல இருந்து இருக்கு.

அப்கிரேட் வாங்கறதுன்னே முடிவு பண்ணிட்டா, அடுத்த வெர்ஷன் வாசல்ல நிக்குதான்னு பாருங்க. க்யூபேஸ் மாதிரி சிலதுல கிரேஸ் பீரியட் உண்டு, குறிப்பிட்ட தேதிக்கு அப்புறம் ஆக்டிவேட் பண்ணா அடுத்தது சும்மா வரும்.

உங்க டாவ்ல காசு கட்டின வெர்ஷன்ல மட்டும் சரியான பக் எது? கமென்ட்ல எந்த வெர்ஷன்ல வந்துச்சு, எந்த வெர்ஷன்ல போச்சு, எந்த ஓஎஸ், மூணையும் எழுதுங்க. அதே வெர்ஷன்ல மாட்டிக்கிட்டு முழிக்கறவர் யாராவது கீழ படிச்சுக்கிட்டு இருப்பாரு. 'எங்க டாவ்தான் கெத்து' சண்டைக்கு வேற வீடியோ போடறேன், அங்க வாங்க.