பலகைக்கு அடியில்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வீட்டில் மராமத்து என்றால் என்ன செய்வோம்? கூரையைப் பிரிப்போம், தளத்தைப் பெயர்ப்போம், வந்த குப்பையை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவோம். நான் பேச வந்தது அந்தக் குப்பையைப் பற்றித்தான்.

இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் ஆக்ஸ்பரோ ஹால் என்றொரு மாளிகை. செங்கல் கட்டடம், சுற்றிலும் அகழி. பெடிங்ஃபெல்ட் குடும்பம் 1482 வாக்கில் கட்டியது. 2016இல் அதன் கூரைச் சன்னல் ஒன்று இடிந்து முற்றத்தில் விழுந்தது. ஏறிப் பார்த்தால் கூரை முழுவதற்குமே வேலை தேவை. 60 லட்சம் பவுண்டு செலவு. அந்த வேலைக்காக மாடி அறைகளின் தரைப் பலகைகளைத் தூக்கினார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோதும் ஒரு தொல்லியலாளர் தனியாக உட்கார்ந்து, பலகைக்கு அடியில் கிடந்த புழுதியை விரல் நுனியால் துழாவித் தேடிக்கொண்டிருந்தார்.

கிடைத்தது என்ன தெரியுமா? எலிக் கூடுகள். இரண்டு பழைய எலிக் கூடுகள்!

எலியின் குணம் நமக்குத் தெரியாததா? பரணில் பழந்துணி மூட்டையும் பட்டுப்புடவையும் இருந்தால், அது பட்டுப்புடவையைத்தான் தேடிப் போகும். ஆக்ஸ்பரோ எலிகளும் பட்டு, வெல்வெட், சாட்டின், கம்பளி, பூவேலைத் துணி என்று கடித்திழுத்துக்கொண்டுபோய்க் கூடு கட்டியிருக்கின்றன. 200க்கும் மேற்பட்ட துண்டுகள். கையால் எழுதிய இசைக் குறிப்பின் கிழிசல்கூட உண்டு. பெட்டியில் பூட்டிவைத்த துணிகூட இத்தனை காலம் தாங்குமா என்று கேட்பீர்கள். பலகைக்கு அடியில் கனமாகப் படிந்திருந்த சுண்ணாம்புக் காரை ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டது. அதனால் துணி மக்கவில்லை. குப்பை என்று நாம் கூட்டித் தள்ளுகிறோமே, அந்தக் காரைப் பொடிதான் காப்பாற்றியிருக்கிறது!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறவாரத்து இடிபாடுகளுக்குள் ஒரு தோல் ஏட்டைக் கண்டெடுத்தவர் கட்டட வேலை பார்த்தவர்தான். 15ஆம் நூற்றாண்டு ஏடு. லத்தீனில் பைபிளின் 39ஆம் சங்கீதம், எழுத்தில் தங்கமும் நீலமும் மின்னுகின்றன. முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. இந்தக் குடும்பமோ தன் மதத்தை விடவில்லை. பாதிரியாரை ஒளித்துவைக்க வீட்டுக்குள்ளேயே மறைவறை வைத்திருந்தது. அப்படிப்பட்ட வீட்டின் இறவாரத்தில் இந்த ஏடு! ஆகவேதான் எந்தப் பலகைக்கு அடியில், எந்த மூலையில் கிடந்தது என்று அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். குண்டூசியானாலும் சரி, அங்கே கிடைத்த போர்க்காலத்துக் காலி சாக்லேட் பெட்டியானாலும் சரி. இடம் தெரியாமல் எடுத்த பொருள் பாதிக் கதைதான் சொல்லும். எடுத்த பிறகு தொல்லியலாளரைக் கூப்பிட்டுப் பயனில்லை. எடுக்கும்போதே பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

கென்ட்டில் உள்ள நோல் மாளிகை பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமாகிவிட்டது. ஜேம்ஸ் மன்னர் வந்தால் தங்குவதற்கென்று அங்கே ஓர் அறையைத் தயார் செய்திருந்தார்கள். 2014இல் அதன் தரையைப் பிரித்தபோது கணப்படுப்புப் பக்கத்து உத்தரத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள், சூடு வைத்த தழும்புகள். பேய், சூனியம் அண்டாமலிருக்கத் தச்சர்கள் போட்ட காப்பு அவை. மர வளையங்களைப் பார்த்துக் காலத்தையும் கணித்துவிட்டார்கள்: 1606 தொடக்கம். மன்னரை வெடிவைத்துக் கொல்லப் போட்ட சதி அம்பலமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மன்னர் கடைசிவரை அங்கே வரவில்லை. வணக்கம்.