கைம்மாறு கேளாத பன்னிரண்டு மாதங்கள்

(நாகர்கோவிலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் மாவட்டத்தில் பழவிளை, பெருமாள்புரம், கோழிவிளை, ஞாறான்விளை ஆகிய இடங்களில் ஈழத்துக் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின்னும், அதைத் தொடர்ந்த போர்க்காலத்திலும் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கிறார்கள். 2021-இல் தமிழ்நாடு அரசு அந்த முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. ஆயினும், 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையொப்பமிடவில்லை. முகாமில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் குடியுரிமை எட்டாக் கனியாகவே இருக்கிறது. அதனால்தான் அவர்களில் சிலர், உறவினர் வாழும் கனடாவை நம்பிக்கையோடு நோக்குகிறார்கள். இன்னொரு பக்கம், நம் மாவட்டத்துச் செவிலியர்களும் பொறியாளர்களும் அதே நாட்டில் குடியேறி, ஓர் அகதிக் குடும்பத்தைப் பொறுப்பேற்கும் குழுவில் சேரலாமா என்று கேட்கும் நிலையில் இருக்கிறார்கள். அப்படி ஒரு குழுவில் பணியாற்றியவன் என்ற முறையில் அவர்களுக்கும், அவர்களுடைய பெற்றோராகிய உங்களுக்கும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அகதிகளை அரசு மட்டுமன்றிக் குடிமக்களும் பொறுப்பேற்று அழைத்துவரலாம் என்ற ஏற்பாட்டைக் கனடா 1970-களின் இறுதியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து 1979, 1980 ஆண்டுகளில் வந்த ஏறத்தாழ 60,000 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் தேவாலயங்களும் அண்டை அயலாரும் கூடி அழைத்தவர்கள். அதற்காகவே 1986-இல் ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் நான்சென் பதக்கம் கனடா மக்கள் அனைவருக்குமாக வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழர்களைக் கரைசேர்த்தவர்கள் அவ்வூர் மீனவர்கள் என்பதைக் கடலோர மாவட்டத்து மக்களாகிய நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஏற்பாட்டின் விதி எளிமையானது. ஐந்து பேர் கூடியோ, அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தேவாலயம் போன்ற அமைப்பின் வழியாகவோ ஒரு குடும்பத்தின் பொறுப்பை ஏற்கலாம். அக்குடும்பத்தின் வாடகை, உணவு, உடை ஆகிய செலவுகளையும், அவர்கள் ஊரோடு ஒன்றுவதற்கான துணையையும் பன்னிரண்டு மாதங்களுக்கு, அல்லது அதற்குள் அவர்கள் சொந்தக் காலில் நின்றுவிட்டால் அதுவரை, அக்குழு தரவேண்டும். வந்து இறங்கும் நாளிலேயே அவர்கள் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களாகிறார்கள். நான் இன்று சொல்ல வந்ததன் அடிப்படை இதுதான். அவர்கள் நம் விருந்தாளிகள் அல்லர், நமக்குக் கடன்பட்டவர்களும் அல்லர். கடமைப்பட்டவர்கள் நாம்தாம்.

விமான நிலைய வரவேற்பு, குளிர்கால மேலங்கி, வங்கிக் கணக்கு, சமூகக் காப்பீட்டு எண், மருத்துவ அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றில் குழுக்கள் பெரும்பாலும் குறை வைப்பதில்லை. முதல் மாதம் எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். குழு தடுமாறுகிற இடங்கள் வேறு.

முதலாவது வீடு. குடும்பம் வருவதற்கு முன்பே குழு வீட்டைப் பார்த்துவிடும். நல்ல மனத்தோடு நல்ல இடத்தில் பெரிய வீடாகப் பார்ப்பார்கள். சேர்த்த பணம் இருப்பதால் வாடகை அப்போது பாரமாகத் தெரியாது. பதின்மூன்றாம் மாதம் குழுவின் பணம் நின்றவுடன், கிடங்கிலோ உணவகச் சமையலறையிலோ தொடக்கநிலைக் கூலி பெறும் ஒருவரின் வருமானம் அந்த வாடகைக்கே போதாது என்பது தெரியவரும். அதன்பின் வீடு மாறினால் பள்ளி மாறும். பிள்ளைகள் ஓராண்டு பாடுபட்டுத் தேடிக்கொண்ட தோழர்களும் போய்விடுவார்கள். ஆகவே பதின்மூன்றாம் மாதத்து வருமானத்தை மனத்தில் கொண்டு முதல் மாதத்து வீட்டைத் தேட வேண்டும். கூடுமானால் சில வாரங்களுக்கு ஒரு தற்காலிக இடத்தில் அவர்களைத் தங்கவைத்து, எந்த வீடு வேண்டும் என்பதை அவர்களையே முடிவு செய்யவிடுவது இன்னும் நல்லது.

நம் நாஞ்சில் நாட்டு வயலில் பிடுங்கி நட்ட நாற்று பச்சை பிடிக்கச் சில நாள் ஆகும். அதுவரை தண்ணீரை அளவாக நிறுத்தி வைப்போமே தவிர, வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்க மாட்டோம். குழுக்களோ இழுத்துப் பார்க்கின்றன. எதற்குச் செலவழித்தீர்கள், இலங்கையிலுள்ள தாய்க்கு ஏன் பணம் அனுப்பினீர்கள், தொலைக்காட்சி இப்போது தேவையா என்றெல்லாம் கேட்கின்றன. மாதப் பணம் கைக்கு வந்தபின் அது அக்குடும்பத்தின் பணம். வரவுசெலவு எழுதக் கற்றுக்கொடுக்கலாம். கணக்குக் கேட்கக் கூடாது. வேறு நகரத்தில் அக்காள் குடும்பம் இருக்கிறது, அங்கே போகிறோம் என்று அவர்கள் சொன்னால், மனம் வருந்தினாலும் வழியனுப்ப வேண்டும். விரும்பிய ஊரில் வாழும் உரிமையை நாட்டின் சட்டமே அவர்களுக்குத் தந்திருக்கிறது.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சில மாதங்களில் ஆங்கிலம் பேசத் தொடங்கிவிடுவதால், மருத்துவமனைக்கும் அலுவலகத்திற்கும் மகனையோ மகளையோ மொழிபெயர்க்க அழைத்துப் போவது எளிதாகப் படுகிறது. ஒரு தாய் தன் உடல்நோவைப் பத்து வயது மகன் வாயிலாக மருத்துவருக்குச் சொல்ல நேர்ந்தால், சொல்ல வேண்டியதில் பாதியை அவள் மறைத்துவிடுவாள். போரில் இழந்தவர்களைப் பற்றிய பேச்சு வந்தால், அந்தப் பிள்ளை கேட்கக் கூடாததையும் கேட்கும். நம் மாவட்டத்துச் செவிலியர்களால் ஆகக்கூடிய பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது. நேரில் போக முடியாவிட்டாலும், தொலைபேசியில் தமிழில் பேசி மருத்துவரிடம் சரியாகச் சொல்ல ஒருவர் கிடைப்பது பெரும்பேறு. பெற்றோருக்கான அரசு ஆங்கில வகுப்புகள் கட்டணமின்றி நடக்கின்றன. உடனே வேலைக்குப் போகச் சொல்லி அவ்வகுப்புகளை அவர்கள் கைவிடும்படி செய்வது தவறு என்பது என் உறுதியான கருத்து. இங்கே பொறியியல் படித்த முகாம் இளைஞர் அங்கே சான்றிதழ் மதிப்பீட்டிற்குக் காத்திருக்க நேரும்போது, மொழி கைவராவிட்டால் அவர் கிடங்கு வேலையிலேயே தங்கிவிட வாய்ப்புண்டு.

இன்னொன்றை மிகுந்த அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். நிதி திரட்டும் கூட்டங்களில் அக்குடும்பத்தை மேடையேற்றித் தங்கள் துயரத்தைச் சொல்லச் செய்யாதீர்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு குளச்சலிலும் மணக்குடியிலும் வரிசையில் நின்று நிவாரணம் வாங்கியவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். கொடுப்பவரின் கேமராவுக்கு முன்னால் கை நீட்டுவது எப்படியிருக்கும் என்பதை உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் தாமாகச் சொல்ல விரும்பினால் கேட்போம். நன்றி சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் கைவிடுவோம்.

இங்கிருந்தபடியே செய்யக்கூடியதும் உண்டு. பயணத்திற்குக் காத்திருக்கும் குடும்பத்தின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை ஆகியவற்றில் பெயரின் எழுத்துகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று உட்கார்ந்து பார்த்துக் கொடுங்கள். நமக்குத் தலைப்பெழுத்து இருக்கிறது, குடும்பப் பெயர் இல்லை. அங்குள்ள படிவமோ குடும்பப் பெயரைக் கேட்கும். அந்தக் கட்டத்தில் தந்தை பெயரை எழுதினால், கணவனுக்கு ஒன்றும் மனைவிக்கு ஒன்றும் பிள்ளைகளுக்கு வேறொன்றுமாக அமையும். ஒரு தாளில் ஒருவிதமாகவும் மறு தாளில் வேறுவிதமாகவும் எழுதப்பட்ட பெயர், விண்ணப்பத்தை மாதக்கணக்கில் தாமதப்படுத்தக் கூடும். எழுத்தறிந்த ஒருவர் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

தரகர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேங்கிய விண்ணப்பங்கள் அதிகமானதால், ஐவர் குழுக்களிடமிருந்தும், அரசோடு ஒப்பந்தம் இல்லாத சமூக அமைப்புகளிடமிருந்தும் புதிய விண்ணப்பம் பெறுவதை 2024 நவம்பர் இறுதியில் கனடா நிறுத்திவைத்தது. ஒப்பந்த அமைப்புகளின் வழியும் ஆண்டு ஒதுக்கீட்டிற்கு உட்பட்டதே. வழி குறுகும்போது தரகர் பெருகுவர். பொறுப்பேற்கும் குழு, அகதிக் குடும்பத்திடமிருந்து முன்பணமாகவோ பின்னர்த் திருப்பித் தரும் கடனாகவோ எதையும் பெறக் கூடாது என்பது அந்நாட்டின் விதி. ஆகவே, ஸ்பான்சர் ஏற்பாடு செய்கிறேன் என்று யாராவது பழவிளையிலோ பெருமாள்புரத்திலோ வந்து பணம் கேட்டால், நகையை அடகு வைப்பதற்கு முன் இந்த விதியை அக்குடும்பத்திற்கு எடுத்துச் சொல்லுங்கள். அவர்களோடு காவல் நிலையம் வரை துணைக்குப் போங்கள்.