பலாலியில் இறங்கும் எழுபது பேர்

வணக்கம் நேயர்களே. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் எங்கள் சுற்றுலாவுக்கு என்ன தரும் என்று இன்று பேசப் போகிறேன்.

1947 டிசம்பர் 10ஆம் திகதி, இலங்கையின் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் பறந்தது. நாட்டின் விமான சேவை தொடங்கிய அன்றே எங்கள் வடபுலம் அதன் வழியில் இருந்தது. உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை காங்கேசன்துறைக்கு அருகே அமைத்த பலாலி ஓடுபாதைதான் அதற்கு உதவியது. "காலைச் சாப்பாடு வீட்டில், மத்தியானச் சாப்பாடு திருச்சியில்" என்று என் தந்தையார் சொல்லுவார்.

பின்னர் வந்த உள்நாட்டுப் போர் அந்த வழியை அடைத்தது. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகப் பலாலி மீண்டும் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னை விமானம் வந்தது. சில மாதங்களிலேயே கொரோனா அதை நிறுத்தியது. 2022 டிசம்பர் 12ஆம் திகதிதான் சேவை மறுபடி தொடங்கியது.

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். இங்கு வருவது ஏறத்தாழ எழுபது இருக்கைகள் கொண்ட சிறிய விமானம். ஒரு விமானம் நாள் தவறாமல் நிரம்பி வந்தாலும் ஆண்டுக்கு 25,550 பேர். அதிலும் பெரும்பகுதி எங்கள் ஆட்களே: கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனவர்கள், வைத்தியத்துக்குப் போய்த் திரும்புகிறவர்கள். அந்தப் பயணங்கள் எங்களுக்குத் தேவையானவை. ஆனால் அவற்றைச் சுற்றுலா வளர்ச்சிக் கணக்கில் எழுதக் கூடாது.

கொழும்புக்கு அருகே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும் சுற்றுலாப் பயணியிடம் ஒரு வாரம் இருக்கிறது. சீகிரியா, கண்டி, நுவரெலியா, தென்கரை என்று அது முடிந்துவிடும். தலைநகரிலிருந்து நானூறு கிலோமீற்றர் வடக்கே வர அவருக்கு மனமிருந்தாலும் நாளில்லை. வந்தாலும் ஓர் இரவு, யாழ்ப்பாணக் கோட்டை, நல்லூர்க் கோயில், அவ்வளவுதான். அதே ஆள் பலாலியில் இறங்கினால் அன்றைக்கே கீரிமலைக் கேணியில் குளிக்கலாம். மறுநாள் குறிகாட்டுவானில் படகேறி நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கலாம். அதற்கு அடுத்த நாள் நயினாதீவு. அந்த மூன்று இரவுகள்தான் விடுதிக்காரருக்கும் படகோட்டிக்கும் ஓட்டோக்காரருக்கும் ஒடியற்கூழ் காய்ச்சும் அக்காவுக்கும் வருமானம். விமானத்தின் பயனை நான் இந்த இரவுகளை வைத்துத்தான் அளக்கிறேன்.

பெரிய விமானம் வந்தால் என்ன என்று கேட்பீர்கள். நூற்றெண்பது பேரை ஏற்றும் விமானத்துக்கு இப்போது பயன்பாட்டில் உள்ள 1,400 மீற்றர் ஓடுபாதை போதாது. நீட்டத்தான் வேண்டும். ஆனால் சுற்றியுள்ள செம்மண் தோட்டங்களுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். 1990இல் போரால் இந்தப் பலாலிப் பகுதி அடங்கிய வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறி, காணி திரும்பக் கிடைக்கும் என்று இன்றும் காத்திருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களைக் கேட்காமல் ஓர் அடிகூட நீட்டக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. சுற்றுலா வேண்டும் என்று முப்பது ஆண்டுகளாகப் பேசிவரும் நானே இதைச் சொல்கிறேன்.

அதுவரை இருக்கிற ஓடுபாதையிலேயே செய்யக்கூடியது உண்டு. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் எத்தனை பேர் அதற்காகவே விடுமுறை எடுத்து வருகிறார்கள்! அந்த நாட்களுக்கு மட்டுமாவது சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கூடுதல் விமானங்களை விடலாம். அந்த அட்டவணையைக் கொடியேற்றத்துக்கு ஆறு மாதம் முன்பே அறிவியுங்கள். ரொறன்ரோவில் இருக்கும் பிள்ளை ரிக்கெற் எடுப்பது அப்போதுதான்.

நன்றி. வணக்கம்.